மிதப்பு அத்தானும் மிதக்கும் வண்டியும்

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுநிலையான ஆள்போலப் பேச்சை ஆரம்பித்துவிட்டு நைசாக முதுகில் குத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. குத்துவதென்றால் எதிரே நின்றே குத்துவேன். வெளியாட்கள் அவரைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள். சிரித்த முகம், கலகலப்பான பேச்சு, பொறுப்பான மனுஷன் என்பார்கள். அவர்கள் யாரும் அவரோடு ஒரே கூரைக்கடியில் இருந்ததில்லை. என் அக்கா இருந்தாள்.

அத்தானுக்குக் குடிதண்ணீர்க் கம்பெனியில் குழாய்க்காவல் வேலை. மலைமேல் ஓர் ஏரி இருக்கிறது. அங்கிருந்து ஆள் இடுப்புயரப் பருமனில் ஓர் இரும்புக் குழாய் காட்டுக்குள் புகுந்து, சரளைச் சரிவில் இறங்கி, சேற்றுநிலத்தில் கல்தூண்கள்மேல் ஏறி, ஓர் ஆற்றையும் கடந்து நகரத்துக்கு வருகிறது. ஏரியிலிருந்து ஆறுவரை மேல்பாதி. ஆற்றிலிருந்து நகரம்வரை கீழ்பாதி. மேல்பாதி அத்தான் பொறுப்பு. எங்கே கசிகிறது, எங்கே மரம் விழுந்து குழாயை அழுத்துகிறது, எந்த வால்வு துருவேறித் திரும்ப மறுக்கிறது என்று தினமும் போய்ப் பார்க்கவேண்டும். சின்னக் கோளாறென்றால் அங்கேயே சரிசெய்ய வேண்டும், பெரிதென்றால் கீழே சொல்லவேண்டும். ஏரிக்கரையிலேயே கம்பெனி வீடு. இரண்டு அறை, தகரக் கூரை, சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே பெரிய வால்வுச் சக்கரம். அக்கா கல்யாணமாகிப் போன வீடு அதுதான். அக்கம்பக்கம் என்று ஒன்று கிடையாது. பேச்சுத்துணை வேண்டுமென்றால் அந்த வால்வுச் சக்கரத்தோடுதான் பேசவேண்டும்.

நான் கீழே கம்பெனிப் பட்டறையில் மெக்கானிக். அதனால் அத்தானை எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். வீட்டுப் பக்கமும் தெரியும், வண்டிப் பக்கமும் தெரியும்.

வண்டி வருவதற்கு முன்னால் அவர் நடந்துதான் போவார். உள்ளதைச் சொல்லவேண்டும், அப்போதெல்லாம் நன்றாகவே வேலை பார்த்தார். தோளில் கருவிப்பை, கையில் ஒரு கம்பி. குழாயைக் கம்பியால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போவார். வண்டி வந்ததோடு அதெல்லாம் போயிற்று.

கம்பெனி ஒரே மாதிரி இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வாங்கியது. மேல்பாதிக்கு ஒன்று, கீழ்பாதிக்கு ஒன்று. மரப்பெட்டியில் துண்டுதுண்டாக வந்ததை மாட்டி நிற்கவைத்தவள் நான்தான். முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் இறைக்கிற எஞ்சினுக்குச் சக்கரம் முளைத்த மாதிரி இருந்தது. டயர் மட்டும் தலையணை மாதிரி கொழுத்துக் கிடந்தது. அதில் காற்றும் பேருக்குத்தான் இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினாலே அமுங்கும். அப்படி அமுங்குவதால்தான் சேற்றில் புதையாமல் மேலாகவே போகும். சாவி கிடையாது. கயிற்றைச் சுண்டி இழுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மற்ற மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் சும்மா கூட உருளும். இதில் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அடி கியரில் போட்டுவிட்டால் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக, எவ்வளவு செங்குத்தானாலும் உறுமிக்கொண்டே ஏறிவிடும். மேலே உட்காரக்கூட வேண்டாம், மாட்டை ஓட்டிப்போகிற மாதிரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தால் போதும். எடையும் குறைவு. முன்னால் ஒரு தூக்கு, பின்னால் ஒரு தூக்கு, ஒரே ஆள் விழுந்த மரத்தைத் தாண்டி வைத்துவிடலாம்.

அந்தச் சக்கரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதில் கம்பிகள் கிடையாது. இரண்டு பக்கமும் தகடு அடைத்து, டிரம் மாதிரி உள்ளே வெறுமையாக இருக்கும். ஓரத்தில் ஒரு மூடி. வேண்டுமென்றால் உள்ளே பெட்ரோல் ஊற்றிக்கொள்ளலாம், குடிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். ஒன்றும் ஊற்றாமல் காலியாக விட்டால் வண்டி மிதக்கும். ஆறு குறுக்கிட்டால் எஞ்சினை அணைத்து, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துத் தண்ணீரில் படுக்கப்போட்டு, பிடித்துத் தள்ளிக்கொண்டே அக்கரை சேர்ந்துவிடலாம்.

ஜீப் போகாத இடத்துக்கெல்லாம் அது போனது. சிமெண்ட் மூட்டை சுமந்தது, குழாய்க் கவ்வி சுமந்தது, மரம் அறுக்கிற வாளைச் சுமந்தது. பின்னால் ஒரு பலகையைக் கட்டிவிட்டால் பழைய குழாய்த் துண்டுகளை இழுத்து வந்தது. எஞ்சினில் ஒரு பெல்ட்டை மாட்டினால் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை இறைத்தது. ஒருமுறை சரளைச் சரிவில் மேய்ப்பன் ஒருவன் விழுந்து கால் முறிந்து கிடந்தான். அத்தான் அவனை வண்டிமேல் படுக்கவைத்துக் கட்டி, அடி கியரில் போட்டு, தான் பக்கத்தில் நடந்தே ஆஸ்பத்திரிவரை கொண்டுவந்து சேர்த்தார். உண்மையிலேயே நல்ல காரியம். அந்த ஒரு நாளுக்கு அவரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையை ஓட்டலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் வாயைத் திறந்தால் வண்டிதான். கல்யாண வீட்டுப் பந்தி, ஆஸ்பத்திரி வரிசை, முடிவெட்டுகிற கடை, எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்திலிருப்பவன் தொடையைத் தட்டி ஆரம்பிப்பார்.

"என் வண்டி தண்ணியில மிதக்கும், தெரியுமா?"

கவனிக்கவும், 'என்' வண்டி. வாங்கியது கம்பெனி, மாட்டியது நான், எண்ணெய் விடுவது நான். வண்டி அவருடையது. பட்டறையில் அவருக்கு 'மிதப்பு' என்று பேர் வைத்தார்கள். வைத்தது வெல்டர். பரப்பியது நான்.

சந்தேகமோ சொல்லி மாளாது. சர்வீசுக்கு விட்டுப் போகுமுன் ஒவ்வொரு போல்ட்டிலும் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்து வைப்பார். திரும்பி வந்ததும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். சர்வீஸ் என்றால் போல்ட்டைக் கழற்றாமல் என்ன செய்வதாம்? மந்திரம் போடுவதா? "யாரோ கை வெச்சிருக்காங்க" என்பார், சுவரைப் பார்த்து. "கை வெக்கத்தானே அத்தான் எனக்குச் சம்பளம் தர்றாங்க" என்பேன் நானும் அதே சுவரைப் பார்த்து.

இன்னொன்றும் செய்வார். நகரத்துக்கு வந்து வண்டியை வெளியே நிறுத்தினால், குழாயைப் பிடித்து இரண்டு சக்கரத்திலும் தண்ணீர் நிரப்பி விடுவார். லேசான வண்டி பாருங்கள், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? சங்கிலி போட்டுப் பூட்டலாமே என்றால், சாயம் உரசிப் போகுமாம். லேசாக இருக்கவேண்டும் என்பதற்காகவே செய்த வண்டியைக் கனமாக்கி வைப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. கிளம்பும்போது மூடியைத் திறந்து எல்லாத் தண்ணீரையும் பட்டறை வாசலிலேயே கொட்டிவிட்டுப் போவார். துடைப்பது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

இப்படியே இருந்திருந்தால்கூட, போகட்டும், எல்லா வீட்டிலும் ஓர் ஆள் இப்படித்தான் என்று விட்டிருப்பேன். ஆனால் அவருக்கு முட்டிவலி வந்தது.

முட்டிவலி வந்ததும் முதலில் அக்கா கூடப்போனாள். அவர் வண்டிமேல், அவள் கருவிப்பையோடு பின்னால் நடந்து. பிறகு சரிவில் மட்டும் அவர் இறங்காமல் உட்கார்ந்திருக்க, அவள் இறங்கிப்போய் வால்வைத் திருப்பிவிட்டு வந்தாள். அப்புறம், "ஆத்து வளைவு வரைக்கும் நீயே போய்ப் பாத்துட்டு வந்துடு, வண்டிய ஓட்டாதே, பக்கத்துல நடத்திக்கிட்டுப் போ" என்றார். அப்புறம் அதையும் சொல்வதில்லை. காலையில் அவள் போவாள், அவர் படுத்திருப்பார். கீழே வந்து மேடத்திடம், எங்கள் மேற்பார்வையாளரை அப்படித்தான் கூப்பிடுவோம், "மூணாவது வால்வுல கசிவு மேடம், அடைச்சுட்டேன்" என்று சொல்வது மட்டும் அவர். அடைத்தவள் விரல் வெடித்து, ரப்பர்க் கையுறைக்குள் பஞ்சை வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

நான் மேடத்திடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. வேலை போனா வீடும் போயிடும். அப்புறம் நான் எங்க போவேன்?"

என் வீட்டுக்கு வா என்றேன். சிரித்தாள். எல்லாரும் தங்கச்சி வீட்டுக்குப் போனால் ஊர் என்ன ஆவது என்றாள். அவள் கேலி செய்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வண்டியை நடத்திக்கொண்டு போகச் சொன்னாரே தவிர, அவள் எப்போதோ ஏறி உட்கார்ந்துவிட்டாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் விழுந்து விழுந்து எழுந்தாள். முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்து அத்தான் கேட்டால், பாறையில் வழுக்கிவிட்டது என்பாள். மறுபடி கேட்கமாட்டார்.

ஏரிக்கரை வீட்டுக்கு வெளியே, பாதை தொடங்குமிடத்தில், காட்டுமாடு உள்ளே வராமல் ஒரு பெரிய மரக்கட்டையைக் குறுக்கே போட்டிருப்பார்கள். அத்தான் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, முனகிக்கொண்டே முன்னால் தூக்கி வைத்து, பிறகு பின்னால் தூக்கித் தாண்டுவார். அக்காவும் முதலில் அப்படித்தான் செய்தாள். ஒருநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது, தூக்க முடியவில்லை. எரிச்சலில் அடி கியரில் போட்டு முன்சக்கரத்தைக் கட்டைமேல் முட்டக் கொடுத்தாளாம். முன்சக்கரமும் இழுக்கிற வண்டியாயிற்றே, கொழுத்த டயர் கட்டையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு தானாக மேலே ஏறிவிட்டது. பின்சக்கரம் பின்னாலேயே வந்தது. இவ்வளவு நாளாக இடுப்பொடியத் தூக்கினேனே என்று அங்கேயே உட்கார்ந்து சிரித்தாளாம். அன்றிலிருந்து அவள் கட்டையிடம் வண்டியைத் தூக்குவதே இல்லை. இதை அத்தானிடம் சொல்லவும் இல்லை. சொன்னால், அப்போது நீ ஓட்டுகிறாயா என்ற கேள்வி வரும்.

இந்த நிலைமையில்தான் கீழ்பாதிக் குழாய்க்காரர் வேலையை விட்டார். மேடம் அறிவிப்பு ஒட்டினார். வண்டி ஓட்டத் தெரிந்த யாரும் பட்டறை மைதானத்துக்கு வரலாம், சோதனை வைத்து எடுப்போம், ஆணோ பெண்ணோ என்று. கீழ்பாதிக்குக் கம்பெனி அறையும் உண்டு, பட்டறைக்குப் பின்னாலேயே. அறிவிப்பை நான் வாய்வழியாக அக்காவுக்குச் சொல்லியனுப்பினேன். அவளுக்கென்று ஒரு வேலை, அவளுக்கென்று ஒரு கதவு. அவள் அதற்குமேல் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதற்குக் குறைவாக அவளுக்குக் கிடைக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

அக்கா ஒளித்துச் செய்யவில்லை. சோதனைக்கு முந்தின நாள் சாப்பாடு பரிமாறும்போது நேராகவே சொன்னாளாம்.

"கீழ லைன் வேலைக்கு நானும் போய் நிக்கலாம்னு இருக்கேன்."

"எந்த வேலைக்கு?"

"குழாய் பாக்கற வேலைக்கு."

"யாரு, நீயா?" என்று சிரித்தாராம். சோறு புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாராம். "வண்டி ஓட்டணும்டி அதுக்கு. குழம்பு கிண்டறதுன்னு நெனச்சியா?"

"ஓட்டுவேன்."

"எதுல போவே? என் வண்டிய தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

"நேத்து வரைக்கும் நான்தானே தொட்டேன்."

அதோடு அவர் சிரிப்பு நின்றதாம். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததாம். எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போனார். இருட்டுமுன் கொஞ்ச நேரம் ஏரிக்கரையில் வாளிச் சத்தம் கேட்டதாக அக்கா சொன்னாள். கால் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். நகரத்தில் அவர் செய்கிற வேலை அவளுக்கும் தெரியும். ஆனால் மேலே அதை அவர் ஒருநாளும் செய்ததில்லை. மேலே வண்டியைத் திருட யார் இருக்கிறார்கள், கொக்கும் குரங்கும்தானே?

காலையில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அக்கா வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்தாள். கட்டைவரைக்கும் இறக்கம், தானாகவே உருண்டது. "கொஞ்சம் கனமாத்தான்டி இருந்துச்சு. பயத்துல எனக்குத்தான் அப்படித் தோணுதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள் பிறகு. கயிற்றை இழுத்தாள், அடி கியரில் போட்டாள், கட்டையை ஏறிக் கடந்தாள், போய்விட்டாள்.

மேலே மழை பெய்து ஆறு பெருகியிருந்தது. அந்த இடத்தில் குழாய் ஆற்றுக்கு மேலே தூண்களில் போகிறது, ஆள் மட்டும் என்றால் குதிரைமேல் உட்காருவதுபோல் அதன்மேல் உட்கார்ந்து நகர்ந்து கடந்துவிடலாம். வண்டியோடு கடக்கவேண்டுமென்றால் தண்ணீரில் இறங்கவேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் பாதி வழி இருக்கிறது, வண்டி இல்லாவிட்டால் சோதனைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரமுடியாது. மிதக்கும் என்று காது புளிக்கக் கேட்ட வண்டிதானே? அவளே எத்தனையோ முறை மிதக்கவிட்டுத் தள்ளிக் கடந்தவள்தானே? எஞ்சினை அணைத்தாள், வண்டியைச் சாய்த்தாள், கைப்பிடியை அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

வண்டி மிதக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பக்கமாக முங்கியது. இன்னும் இரண்டடி போனதும் கால் எட்டவில்லை. இழுப்பு வண்டியைப் பிடித்துக்கொண்டது, வண்டி அவளைப் பிடித்துக்கொண்டது. சேலைத் தலைப்பு கைப்பிடியில் சுற்றிக்கொண்டுவிட்டது. தலை இரண்டு முறை உள்ளே போனதாகச் சொன்னாள். "விட மனசு வரலடி. கம்பெனி வண்டி. அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் தண்ணிக்குள்ள நெனச்சேன்" என்றாள். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கடைசியில் தலைப்பு கிழிந்தது. வண்டி உருண்டு பாறை இடுக்கில் போய்ச் சொருகிக்கொண்டது. அவள் தண்ணீர் இழுத்த இழுப்புக்குப் போய், ஒரு வேரைப் பிடித்துக் கரையேறினாள். கக்கினாள். பிறகு எழுந்து நகரத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

பட்டறை மைதானத்தில் சோதனை நடந்துகொண்டிருந்தது. கீழ்பாதி வண்டியை நான்தான் துடைத்து நிறுத்தியிருந்தேன். சேற்றுக்குழி, கல்மேடு, கடைசியில் குறுக்கே ஒரு மரக்கட்டை. வந்தவர்களெல்லாம் முறுக்கான ஆண்பிள்ளைகள், சேற்றில் நன்றாகவே ஓட்டினார்கள். கட்டையிடம் வந்ததும் இறங்கி, தம் பிடித்துத் தூக்கித் தாண்டினார்கள். ஒருத்தன் கால்விரலில் போட்டுக்கொண்டு நொண்டினான். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரமாட்டாள், அவர் விட்டிருக்கமாட்டார் என்று நினைக்கும்போது, கிழிந்த சேலையோடு, ஒரு காலில் செருப்பில்லாமல், தலையெல்லாம் மணலாக உள்ளே வந்தாள்.

மேடம்தான் முதலில் ஓடினார். "என்னம்மா, அடிபட்டுச்சா?"

"இல்ல மேடம். வண்டி ஆத்துல முங்கிடுச்சு. மிதக்கல. ஏன்னு தெரியல." பல் கிட்டிக்கொண்டு பேசினாள். "நான் இன்னும் டெஸ்ட் குடுக்கலாமா?"

"முதல்ல உக்காருங்க" என்றார் மேடம். நான் என் வேலைக் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டேன். வெல்டர் டீ கொண்டுவந்து கொடுத்தார். மிதக்கவில்லை என்று அவள் சொன்ன சொல் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வண்டி மிதக்காமல் போக ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தெரியும். ஆனால் அதை அவர் செய்திருப்பார் என்று என்னால்கூட நம்பமுடியவில்லை.

அவள் டீயைக் குடித்து முடிக்குமுன் அத்தான் வந்துவிட்டார். நடந்து. மலையிலிருந்து இறங்கி, குழாய்மேல் நகர்ந்து ஆற்றைத் தாண்டி, மிச்ச வழியும் நடந்து வந்திருக்கிறார். வால்வு திருப்பப் போகமுடியாத அந்த முட்டிவலி அன்றைக்கு எங்கே போயிருந்ததோ, தெரியவில்லை. வழியில் பாறை இடுக்கில் வண்டியைப் பார்த்திருக்கிறார். அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக மேடத்திடம் போனார்.

"மேடம், என் வண்டி போச்சு மேடம்! இவ எடுத்துட்டுப் போய் ஆத்துல போட்டுட்டா. திருட்டு மாதிரி எடுத்துட்டு வந்திருக்கா. ஒரு பொம்பளை கட்டையைத் தாண்டி அதை எப்படிக் கொண்டாந்தான்னே எனக்குப் புரியல. ரெண்டு சக்கரத்துலயும் முட்ட முட்டத் தண்ணி ரொப்பி வெச்சிருந்தேன், ஆம்பளையே தூக்க முடியாது!"

பெருமையாகத்தான் சொன்னார். வண்டியைப் பத்திரப்படுத்த தான் என்ன பாடுபட்டேன் என்று மேடத்துக்குத் தெரியவேண்டுமே என்று சொன்னார். வெல்டர் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். கால்விரலில் போட்டுக்கொண்டவன்கூட நொண்டுவதை நிறுத்தினான். என் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. அதை மெதுவாக மேஜையில் வைத்தேன். வைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையை நான் ஜெயிலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

அக்கா எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள்.

"தண்ணி ரொப்பினீங்களா?"

"ஆமா."

"தண்ணி இருந்தா வண்டி மிதக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"நான் அதைப் பிடிச்சுக்கிட்டு ஆத்துல இறங்குவேன்னு தெரியுமில்ல?"

அத்தான் அவளைப் பார்த்தார். நடிப்பெல்லாம் இல்லை, உண்மையாகவே குழம்பிப்போய்ப் பார்த்தார்.

"ஆறு வரைக்கும் நீ போவேன்னு யாரு கண்டா? கட்டையையே தாண்ட மாட்டேன்னுதானே ரொப்பினேன்."

கொலைகாரா என்று கத்துவதற்கு நான் வாயைத் திறந்திருந்தேன். அதைக் கேட்டதும் மூடிக்கொண்டேன். அவர் கொல்ல நினைக்கவில்லை. அக்கா ஆற்றில் இறங்குவதோ, தண்ணீர் குடிப்பதோ, முங்குவதோ அவர் மனசில் ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. வாசல் கட்டைக்கு அந்தப் பக்கம் என் அக்கா என்று ஒருத்தி அவருக்கு இல்லவே இல்லை. இத்தனை வருஷம் அவர் செய்யவேண்டிய வேலையைச் செய்துவிட்டு வந்தவளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கொலைகாரனை வெறுப்பது இதைவிடச் சுலபம்.

அக்கா அவரிடமிருந்து திரும்பினாள். என் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேடத்தைப் பார்த்தாள்.

"மேடம், என் முறை வந்துடுச்சா?"

மேடம் வண்டியைக் காட்டினார். அக்கா வழக்கம்போல் முதலில் இரண்டு சக்கரத்தையும் விரலால் தட்டிப்பார்த்தாள், உள்ளே காலியா என்று. காலையில் அதை மட்டும் செய்திருந்தால் போதும். அவசரத்தில் விட்டுவிட்டாள். கயிற்றை ஒரே இழுப்பு. சேற்றுக்குழியை நிதானமாகக் கடந்தாள். கல்மேட்டில் இறங்கிப் பக்கத்தில் நடந்து வண்டியை மட்டும் ஏற்றினாள், மேலே போய் மறுபடி உட்கார்ந்தாள். கட்டையிடம் மற்றவர்கள் எல்லாரும் இறங்கினார்களே, இவள் இறங்கவில்லை. முன்சக்கரத்தை முட்டக் கொடுத்தாள், அது பற்றி ஏறியது, பின்சக்கரம் வந்து சேர்ந்தது, அந்தப் பக்கம் மெத்தென்று இறங்கினாள். யாரோ கைதட்டினார்கள். நான்தான் என்று வெல்டர் சொல்கிறார், எனக்கு ஞாபகமில்லை.

அத்தான் வாய் பிளந்து நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதானே சொல்லிக் குடுத்தே?" என்றார்.

"இல்ல அத்தான். நீங்க தூங்கிக்கிட்டு இருந்தப்போ அவளே கத்துக்கிட்டா."

நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை என்று கேள்வி.

மேடம் அதிகம் யோசிக்கவில்லை. கீழ்பாதிக்கு அக்கா என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பட்டறைக்குப் பின்னாலிருக்கும் அறையின் சாவியைக் கொண்டுவரச் சொல்லி, ஈரம் சொட்டுகிற அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அத்தானுக்கு விஷயம் முழுசாக உறைத்தது. பேயறைந்த மாதிரி சாவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு பேர் நிற்கிறார்கள், மேடம் நிற்கிறார் என்பதெல்லாம் மறந்து பதறிக் கேட்டார்.

"அப்போ மேல லைனை யாரு பாக்கறது?"

மேடம் அவரை மேலும் கீழும் பார்த்தார். நன்றாக நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏங்க, அது உங்க வேலை இல்லையா?"

அக்கா அதற்குள் சாவியோடு பின்பக்கம் போய்விட்டிருந்தாள்.